கூந்தலுக்கு மணம் உண்டா? கவிதையின் உண்மை பற்றி ஓர் ஐயம்

கேள்வி: அல்சூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகில் வசிக்கிறேன். எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடி, வாரம் ஒரு பாட்டாகக் குறுந்தொகை படிக்கத் தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் இந்தியும் படிப்பவர்கள், தமிழை வீட்டில் பேசிப் பழகியவர்கள். ஆகவே உ.வே.சாமிநாதையரின் உரையை மடியில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பிரித்துத்தான் போகிறோம். சென்ற வாரம் இரண்டாம் பாட்டு:

கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி
காமம் செப்பாது கண்டது மொழிமோ
பயிலியது கெழீஇய நட்பின் மயிலியல்
செறியெயிற் றரிவை கூந்தலின்
நறியவும் உளவோநீ அறியும் பூவே

பாட்டோடு சேர்த்து நக்கீரர் கதையையும் சொன்னேன். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டியனுக்கு எழுந்த ஐயம், இறைவன் தருமிக்கு எழுதிக் கொடுத்த இந்தப் பாட்டு, சங்கத்தில் நக்கீரர் கண்ட குற்றம், திறந்த நெற்றிக்கண், எல்லாவற்றையும் பிள்ளைகள் வாய் மூடாமல் கேட்டார்கள். முடித்ததும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "கூந்தலுக்கு இயற்கையில் பூவின் மணம் கிடையாது என்றால், அந்தப் பாட்டு பொய்தானே, ஆன்ட்டி?"

எனக்கு முன்பாக அங்கிருந்த பெரியவர் ஒருவர், கவிதைக்குப் பொய் அழகு என்று சொல்லிவிட்டார். எல்லோரும் தலையசைத்தோம். அந்தப் பெண் மட்டும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பொய் என்று தெரிந்த பிறகும் இரண்டாயிரம் ஆண்டுகளாக எதற்காகப் படிக்கிறோம் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

நான் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு நிரல் என்ன செய்யும் என்று எழுதியிருக்கிறார்களோ அதைச் செய்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் என் தொழில். உண்மை என்றால் சொன்னதும் இருப்பதும் பொருந்துவது என்ற எண்ணத்திலேயே நாள் முழுவதும் இருக்கிறேன். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நக்கீரர் சொன்னது சரி. ஆனால் இந்தப் பாட்டைப் படிக்கும்போது யாரோ என்னிடம் பொய் சொல்கிறார் என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. கவிதையில் உண்மை என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அது வேறு வகை உண்மையா, அல்லது பொய்யை மரியாதையாக அழைக்கும் பெயரா? அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மல்லேசுவரம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முதலில் அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். நான் முப்பது ஆண்டுகள் இந்தப் பாட்டை நடத்தியிருக்கிறேன், ஒரு மாணவரும் இதைக் கேட்டதில்லை. நக்கீரர் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

பாட்டை இன்னொரு முறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். கூந்தலுக்கு மணம் உண்டு என்று அதில் எங்கேயும் சொல்லப்படவில்லை. இருப்பது ஒரு கேள்வி. நீ அறிந்த பூக்களுள் இவள் கூந்தலைப் போல நறுமணம் உடையவை உளவோ என்று தலைவன் தும்பியை, அதாவது வண்டை, கேட்கிறான். கூந்தல் நறியது என்பதை அவன் முன்னமே கொண்டுவிட்டான் என்பது மெய்தான். ஆனால் அந்த மணம் இயற்கையா, பூச்சூடியதனால் வந்ததா என்ற பாண்டியனின் வினா அவன் மனத்திலேயே இல்லை. பாண்டியன் தன் ஐயத்துக்கு விடையாக இதை வாங்கிக்கொண்டான், நக்கீரர் அந்த விடையைத் தவறென்றார். பாட்டு அந்த வழக்கில் சாட்சியாக இழுத்து வரப்பட்டது, அவ்வளவுதான். திருவிளையாடற் புராணத்தில் பரஞ்சோதி முனிவர், இந்திரனைப் போல் உடம்பெல்லாம் கண்ணாக்கிக் காட்டினாலும் பாட்டின் குற்றம் குற்றமே என்று நக்கீரர் வாயில் வைத்துப் பாடியிருக்கிறார். அந்த நெஞ்சுரத்தை நான் வணங்குகிறேன். எனினும் அவர் அளந்த பொருள் வேறு, அளவுகோல் வேறு.

இனி, "கவிதைக்குப் பொய் அழகு" என்பதைப் பற்றி. இந்தச் சொற்றொடரை நம் உரையாசிரியர்களில் ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கவே மாட்டார், இன்னொருவர் தயங்கியிருப்பார். அகப்பொருள் இலக்கணத்துக்கு எழுந்த பழைய உரையான இறையனார் களவியல் உரை, காதல் வாழ்வைப் பாடும் அகப்பொருளை "இல்லது, இனியது, நல்லது" என்று புலவரால் நாட்டப்பட்ட ஒழுக்கம் என்கிறது. இல்லது என்றுதான் தொடங்குகிறது, ஆனால் அதோடு நிற்கவில்லை. உலகில் அப்படியே நிகழாததை, இனிமையும் நன்மையும் கருதிப் புலவர்கள் நிறுத்தினார்கள் என்பது அதன் கருத்து. அந்த உரையைச் செய்தவர் என்று மரபு யாரைச் சொல்கிறது தெரியுமா? நக்கீரரை! சங்கத்தில் கூந்தலின் மணத்துக்காகத் தீயில் வெந்தவரும், அகம் முழுவதும் இல்லது என்று எழுதியவரும் ஒரே பெயரில் நிற்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம், நம் முன்னோர் இந்தச் சிக்கலை எவ்வளவு தூரம் உணர்ந்திருந்தார்கள் என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் இதை மறுத்தார். "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்" என்பது தொல்காப்பிய அகத்திணையியல் நூற்பா. சுவைபடத் தொகுத்துக் கூறுவது நாடக வழக்கு, உலகத்தார் ஒழுகலாற்றோடு ஒத்து வருவது உலகியல் வழக்கு, பாடலுக்கு உரிய நெறி இவ்விரண்டின் சேர்க்கை என்று அதற்குப் பொருள் கொள்வோம். இதற்கு உரை எழுதும்போது நச்சினார்க்கினியர், அகப்பொருளை இல்லது என்று தள்ளிவிட முடியாது என்கிறார். அவர் காட்டும் உவமை இந்த உரையாடலுக்காகவே எழுதப்பட்டதைப் போல் இருக்கிறது. ஆகாயப்பூ மணத்தது என்று ஒருவன் சொன்னால், அதைச் சூட நினைப்பவர் ஒருவரும் இருக்க மாட்டார்கள். மயங்கிப் பேசுகிறான் என்று உலகம் அவனை இகழும். அகப்பாட்டும் முழுக்க இல்லாததைச் சொல்வதாக இருந்தால் அதற்கும் அந்த இகழ்ச்சிதான் வந்திருக்கும்.

அந்தப் பெண் கேட்டது இதைத்தானே? பொய்யை இரண்டாயிரம் ஆண்டு எதற்குப் படிக்கிறோம் என்றாள். ஆகாயப்பூவாக இருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று நச்சினார்க்கினியர் அவளுக்கு விடை சொல்லியிருப்பார்.

இன்னொன்று. "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்று, அகத்தில் தலைமக்களின் பெயரைச் சொல்லக் கூடாதென்று தொல்காப்பியம் விதிக்கிறது. இன்னான் இன்னாளைப் பார்த்தான் என்று சொன்னால் அது செய்தி. நடந்ததா இல்லையா என்று விசாரிக்கலாம். பெயரை எடுத்துவிட்டால் விசாரிக்க ஆளில்லை, கேட்பவர் தம் நெஞ்சைத்தான் விசாரிக்க வேண்டும். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில், நடந்ததைச் சொல்வது வரலாறு, நடக்கக்கூடியதைச் சொல்வது கவிதை, ஆகவே வரலாற்றைவிடக் கவிதை மெய்யியலுக்கு நெருக்கமானது என்று எழுதினார். அவர் விளக்கிச் சொன்னதை நம்மவர்கள் இலக்கண விதியாகவே ஆக்கிவிட்டார்கள்.

அல்சூர் வாசகி

ஐயா, மிக்க நன்றி. ஆகாயப்பூ உவமையை இன்று கூட்டத்தில் சொன்னேன், எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் பெண் மூன்றாம் பாட்டை முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருந்தாள்:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரளவின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப்பூக் கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

"போன வாரப் பாட்டு கேள்வி, அதனால் பொய்யில்லை என்றீர்கள். இது கேள்வி இல்லையே! நிலத்தைவிடப் பெரியது என்று உறுதியாகச் சொல்கிறதே" என்றாள். பெரிதே என்பதில் உள்ள ஏகாரம் தேற்றம், அதாவது உறுதிப்பொருள் தருவது என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். இதற்கு என்ன சொல்வது?

மறுமொழி 2: மெய்யியல் ஆய்வு மாணவர், பெங்களூரு

வணக்கம். தமிழாசிரியர் ஐயாவின் விளக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது. ஆனால் அந்தப் பெண் பிடித்த இடம் சரியான இடம். கவிஞர் எதையும் அறுதியிட்டுச் சொல்வதில்லை, ஆகவே பொய் சொல்வதுமில்லை என்ற வாதம் மேற்கிலும் பழையது. பதினாறாம் நூற்றாண்டில் பிலிப் சிட்னி ஆங்கிலக் கவிதைக்காக வாதாடியபோது இதையே சொன்னார். அது கவிதையைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கிறது, ஆனால் கையோடு உண்மையின் மன்றத்திலிருந்தே வெளியேற்றிவிடுகிறது. பொய் சொல்ல முடியாத ஒன்றால் உண்மையும் சொல்ல முடியாது. கம்பர் கோசல நாட்டைப் பாடும்போது "உண்மை இல்லை பொய்யுரை இலாமையால்" என்றார். பொய் என்பதே இல்லாத நாட்டில் உண்மை என்று தனியாகச் சுட்டவும் ஒன்றில்லை. கவிதையை அப்படியொரு நாடாக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பிளேட்டோ கவிஞர்களைத் தம் இலட்சிய நகரத்திலிருந்து விலக்கியதை எல்லோரும் சொல்வார்கள். அவர் கவிதையை ஒரு பொருட்டாக மதித்ததால்தான் விலக்கினார் என்பதைச் சிலரே சொல்வார்கள். தச்சர் செய்த கட்டில் கட்டிலின் மெய்வடிவத்துக்கு ஒரு படி தள்ளி நிற்கிறது, ஓவியர் வரைந்த கட்டில் இரண்டு படி தள்ளி நிற்கிறது, கவிஞரும் அப்படித்தான் என்பது அவர் வாதம். கவிதை உண்மையைச் சொல்வதாக நம்மை நம்ப வைக்கிறது என்ற அச்சம் அதற்குள் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு, கவிதை விளையாட்டுத்தானே என்பது விடையாகாது.

மூன்றாம் பாட்டுக்கு வருகிறேன். இதில் இரண்டு வகைச் சொற்கள் இருக்கின்றன. பிற்பாதியில் வருவதை மலையில் ஏறிப் பார்த்துச் சரிபார்க்கலாம். குறிஞ்சியின் தண்டு கருமையானதா? அதன் பூவிலிருந்து தேனீக்கள் தேன் இழைக்கின்றனவா? நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. 2018இல் மூணாறுக்குப் போய் நான் அந்தத் தண்டைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கருங்கோல் என்பது அடைமொழிக்காகப் போட்ட சொல் அல்ல, கண்டவர் சொன்ன சொல். இவ்வளவு துல்லியமாகக் கண்டதை மொழிகிற ஒருவர்தான், அதே மூச்சில் நிலத்தினும் பெரிது என்று அளக்க முடியாததையும் சொல்கிறார். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து பூத்த பூவிலிருந்து சிறுகச் சிறுகத் திரட்டிய தேன் கண்முன் இருப்பதால்தான் முற்பாதியை நாம் வெறும் மிகையாகக் கேட்பதில்லை என்று நினைக்கிறேன்.

இந்தப் பாட்டு யாரிடம் எப்போது சொல்லப்படுகிறது என்பதையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள். தலைவன் இன்னும் மணந்துகொள்ளவில்லை. தோழி அவனைப் பழிக்கிறாள். தலைவி அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். அவன் வேலிக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆக, இது நட்பின் அளவைப் பற்றிய அறிக்கை மட்டுமன்று. அவன் காதில் விழும்படி சொல்லப்பட்டது. ஜே.எல்.ஆஸ்டின் என்ற மெய்யியலாளர், சில கூற்றுகள் உலகை விவரிப்பதில்லை, சொல்வதன் மூலமே ஒன்றைச் செய்கின்றன என்று காட்டினார். வாக்குக் கொடுப்பது அவற்றில் ஒன்று. நிலத்தினும் பெரிது என்பது இப்போது மெய்யா பொய்யா என்று கேட்டால் விடை கிடையாது. அவன் நாளை மணக்க வந்தால் மெய்யாகும், வராமலே போனால் அந்தத் தலைவி பொய் சொன்னவள் ஆகமாட்டாள், அவன் அவள் சொல்லைப் பொய்யாக்கியவன் ஆவான்.

தமிழில் உண்மை, வாய்மை என்று இரண்டு சொற்கள் இருப்பது இந்த இடத்தில் பெரிய உதவி. உள்ளது என்பதிலிருந்து வருவது உண்மை. உங்கள் சோதனைப் பிரிவு தேடுவது அதைத்தான். வாய்மை சொல்பவரைப் பற்றியது. வாய்மை எனப்படுவது யாதெனின் என்று கேட்ட வள்ளுவர், உள்ளதை உள்ளபடி சொல்வது என்று விடை தரவில்லை, யாதொன்றும் தீமை இலாத சொலல் என்றார். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் அம்மா நாள்தோறும் காலையில், கன்னடச் சிவனடியாரான பசவண்ணரின் ஒரு வசனப் பாடலைச் சொல்வார். பேசினால் முத்துமாலை போல் இருக்க வேண்டும் என்று தொடங்கி, பேச்சுக்குள் நடத்தை அடங்காவிட்டால் கூடல சங்கமதேவராகிய சிவன் எப்படி மகிழ்வார் என்று முடியும். கன்னடத்தில் நுடி, நடெ என்று எதுகையாக வரும் அந்த இரண்டு சொற்களுக்கு இடையிலுள்ள தூரம்தான் மூன்றாம் பாட்டின் உண்மைக்கும் அளவு என்று எனக்குப் படுகிறது.

மறுமொழி 3: ஜாலஹள்ளி வாசகர்

வணக்கம். நான் தமிழும் மெய்யியலும் முறையாகப் படித்தவன் அல்லன். ஆனால் ஒரு கவிதை பொய்யாக இருக்க முடியும் என்பதை என் சொந்த எழுத்திலிருந்து அறிந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

என் தந்தை ஒரு தொழிற்சாலையில் பணிபுரிந்தார். பணியில் இருக்கும்போதே காலமானார். அவர் இறந்த பதினாறாம் நாள் நான் ஒரு கவிதை எழுதினேன். "வானமே அழுதது" என்று அதில் ஒரு வரி. உறவினர்கள் படித்துவிட்டுக் கண் கலங்கினார்கள். அன்று பெங்களூரில் மழை பெய்யவில்லை. அது பெரிதில்லை, மழை பெய்யாததால் மட்டும் அந்த வரி பொய்யாகிவிடாது என்று இங்கே பெரியவர்கள் சொன்னதை ஏற்கிறேன். அது பொய்யானதற்குக் காரணம் வேறு. அந்த நாட்களில் நான் வானத்தைப் பார்க்கவே இல்லை. தொழிற்சாலைக் குடியிருப்பை எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும், வெளியில் வீடு பார்த்தால் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்களே, அதற்கு எங்கே போவது என்பதுதான் என் நெஞ்சில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. துக்கம் அந்தக் கணக்கின் உருவத்தில்தான் என்னிடம் வந்திருந்தது. அதை எழுதக் கூச்சப்பட்டு, துக்கம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பிறர் எழுதிப் படித்திருந்தேனோ அதை எழுதிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, புது வீட்டில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது புறநானூற்றின் 112ஆம் பாட்டைப் படித்தேன். பறம்பு மலை வீழ்ந்து தந்தையை இழந்த பாரி மகளிர் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

இதில் உவமை இல்லை. அழுதோம் என்ற சொல்கூட இல்லை. அந்த நிலவில் தந்தை இருந்தார், குன்று எங்களிடம் இருந்தது. இந்த நிலவில் குன்றை எடுத்துக்கொண்டார்கள், தந்தையும் இல்லை. ஒவ்வொரு வரியையும் நக்கீரர் வந்து சோதித்தாலும் குற்றம் காண முடியாது. தந்தையும் குன்றும், ஆளும் வீடும், ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. நான் கூச்சப்பட்டு மறைத்ததை அந்தப் பெண்கள் மறைக்கவில்லை. படித்துவிட்டு அப்படியே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாவுக்காக நான் முதன்முதலாக அழுதது அன்றுதான்.

"காமம் செப்பாது கண்டது மொழிமோ" என்று இரண்டாம் பாட்டில் வருகிறதே, அதற்கு நான் விரும்புவதைச் சொல்லாமல் நீ கண்டதைச் சொல் என்று உரையில் பொருள் பார்த்தேன். எனக்கு அந்த வரியே போதுமானதாக இருக்கிறது. என் பழைய கவிதையில் பிறர் விரும்புவதைச் செப்பினேன், கண்டதை மொழியவில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், யாருக்கும் காட்டுவதில்லை.

மறுமொழி 4: பூச்சியியல் பணியாளர், ஹெப்பாள்

ஒரு சிறு செய்தி மட்டும். தேனீக்கள் பூ இருக்கும் திசையையும் தொலைவையும் கூட்டுக்குத் திரும்பி வந்து ஆட்டத்தின் மூலம் மற்றத் தேனீக்களுக்குத் தெரிவிக்கின்றன. இதைக் கண்டு விளக்கிய கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். பூவின் மணத்தையும் அவை உடலில் சுமந்து வருகின்றன, கூட்டில் இருப்பவை உணர்கொம்புகளால் அதை அறிந்துகொள்கின்றன. பாட்டில் வரும் தும்பியைக் கருவண்டு என்று கொண்டால் அது பெரும்பாலும் தனித்து வாழ்வது, ஆடிச் சொல்ல அதற்கு அத்தகைய கூட்டமில்லை. இருந்தாலும், பூவைப் பற்றிக் கண்டதைச் சொல் என்று உலகில் யாரையாவது கேட்க வேண்டுமென்றால் வண்டினத்தைக் கேட்பதே பொருத்தம். மணத்தைப் பற்றிய வழக்கில் அந்தப் புலவர் ஆளறிந்துதான் சாட்சியைக் கூப்பிட்டிருக்கிறார்.

அல்சூர் வாசகி

எல்லோருக்கும் நன்றி. ஜாலஹள்ளி ஐயா, உங்கள் மறுமொழியை இரண்டு முறை படித்தேன். உங்கள் அனுமதியோடு, ஊர்ப் பெயரைச் சொல்லாமல் அதை அந்தப் பெண்ணுக்கு வாசித்துக் காட்ட விரும்புகிறேன். தேனீ ஆட்டத்தின் காணொளியை மற்றப் பிள்ளைகளுக்கும் காட்டப் போகிறேன்.

நேற்று மாலை அவள் மாடிக்கு வந்தாள். தலைவன் மணக்க வராவிட்டால் அவள் சொல்லை அவன் பொய்யாக்கியவன் ஆவான் என்று மெய்யியல் மாணவர் எழுதியதை அவளிடம் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். பிறகு என் புத்தகத்தை வாங்கிப் புரட்டி, நான்காம் பாட்டை எடுத்துக் காட்டினாள். "நோம்என் நெஞ்சே நோம்என் நெஞ்சே" என்று தொடங்குவது. இமையைத் தீய்ப்பது போன்ற கண்ணீரைத் துடைத்து நமக்கு அமைந்தவராக இருந்த காதலர் இப்போது அமைவு இல்லாதவராகிவிட்டார், என் நெஞ்சு நோகிறது என்று ஒரு தலைவி சொல்கிறாள். "இவள் வேறொரு பெண்ணா, இல்லை, நிலத்தைவிடப் பெரியது என்று சொன்ன அதே பெண்ணா?" என்று கேட்டாள். பாட்டில் பெயர் இல்லை, வேறு புலவர் பாடியது, ஆகவே தெரியாது என்றேன். அவள் இரண்டு பாட்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போயிருக்கிறாள்.

வரும் ஞாயிறு ஐந்து மணிக்கு நான்காம் பாட்டு. அல்சூர் பக்கம் இருப்பவர்கள் வரலாம்.